திரும்பும் அடி

ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நலம்தானே? முதலாண்டு முடியும்வரை நர்ஸிங் மாணவிகளின் போன்களை வார்டன் தன் அலமாரியில் பூட்டிவைப்பது பெரிய அநியாயம் என்று அம்மா திட்டுகிறாள். எனக்கு அதில் பாதி சந்தோஷம்தான். போன் இருந்தால் "சாப்டியா, படிச்சியா" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். இப்போது பார், எனக்குப் பக்கம் பக்கமாக எழுதக் கிடைத்திருக்கிறது.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா தூங்கினாள்!

அவள் தூங்காமல் இருந்ததே உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என் வாயை அடைத்து வைத்திருந்தாள். இப்போது சரியாகிவிட்டதால் சொல்கிறேன். நீ கிளம்பிப் போன புதிதில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அம்மாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். மூச்சு விட முடியவில்லை என்று மட்டும் சொன்னாளாம். விலாசம் சொல்ல வரவில்லை. அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்கும் தெரியும். பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் எழ வேண்டுமென்றால் இன்னொருவர் (ரிலீவர் என்பார்கள்) வந்து தோளைத் தொட்டு "நான் எடுத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றலாம். அன்றைக்குப் பக்கத்து நாற்காலி காலி. அம்மா "லைன்ல இருங்கம்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, எந்த இடத்திலிருந்து அழைப்பு வருகிறது என்று பார்க்கச் சொல்ல சூப்பர்வைசரிடம் ஓடினாள். திரும்பி வந்தபோது லைன் செத்திருந்தது. அந்தப் பெண் யார், என்ன ஆனாள் என்று இதுவரை தெரியாது.

யாரும் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவள் கண்ணை மூடினால் உடம்பு தூக்கிப் போடும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவளோடு வேலை பார்க்கும் ஒருவர்தான் மேளம் அடித்து மனசை ஆற்றும் ஒரு டீச்சரைப் பற்றிச் சொன்னார். தனியாகப் போக அம்மாவுக்குக் கூச்சம். துணைக்கு நான்.

சலவைக் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறி வரும். டீச்சர் முன்பு நீச்சல் சொல்லிக்கொடுத்தவராம். இப்போதும் கழுத்தில் விசில் தொங்குகிறது. மேளம் சுளகு மாதிரி தட்டையாக, ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியது. ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்று தலைமுடி காயவைக்கும் இயந்திரத்தால் அதற்குச் சூடு காட்டுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கும் தலைக்குக் குளிச்சா சளி பிடிக்கும்மா" என்றார்.

பாயில் படுக்க வேண்டும். கண்மேல் துணி. நமக்குத் தெரிந்த ஏதாவது ஓர் இடத்திலிருந்து, பொந்தோ கிணறோ படிக்கட்டோ, கீழே இறங்கிப் போவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேளம் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும். கீழே யாராவது, ஏதாவது விலங்கு, வந்து சந்திக்கும். மனதில் இருப்பதை அதனிடம் கேட்கலாம். பனி நாடுகளில் ஷாமன் என்று ஒருவர் நோயாளிக்காக இப்படி மேளத்தின்மேல் ஏறிப் போய் வருவாராம். அகராதியில் பார்த்தேன். டீச்சரோ, "மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. உள்ள இருக்கிற உங்களைப் போய்ப் பார்த்துட்டு வர்றது, அவ்வளவுதான். ஒரே ஒரு விதி. எந்தப் படியில இறங்கினீங்களோ அதே படியில ஏறி வரணும். நான் கூப்பிடற வரைக்கும் வரவேண்டாம். கூப்பிட்டா நிக்கக் கூடாது" என்றார்.

கூப்பிடுவது எப்படியென்றால், முதலில் மேளம் நின்றுவிடும். அந்த நிறுத்தம் இருக்கிறதே அக்கா, வயிற்றில் ஐஸ் வைத்தது போல இருக்கும். பிறகு இடைவெளி விட்டுக் கனமான சில அடிகள். பிறகு யாரோ படியேறி ஓடிவருவது போல வேகமான அடி. அதுதான் திரும்பும் அடி.

நான் நம் பள்ளி நூலகத்தின் பின்வாசல் வழியாக இறங்கினேன். கீழே இன்னொரு நூலகம். என்னைச் சந்திக்க வந்தது ஓர் ஆமை. வேறு யாருக்கோ வர வேண்டியது விலாசம் தவறி வந்துவிட்டது போலிருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா தன் ஆபீஸ் படிக்கட்டு வழியாக இறங்கினாளாம். வேறு எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவள் மாலைவரை எழுந்திருக்கவில்லை. வாய் திறந்து, குறட்டையோடு! நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைப் பாட்டுக் கேட்பது போலக் கேட்டேன்.

பதில் போடு. "நலம், நலமறிய" என்று ஒரு வரியில் முடித்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்
பூச்சி

—

ஜூன் 13, வெள்ளி

அருமைப் பூச்சிக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆமைக்கு நல்ல வரவேற்பு. பக்கத்துக் கட்டில்காரி, "உன் தங்கச்சி ஆமைகிட்டயும் புத்தகம் இருக்கான்னு கேட்டிருப்பா" என்கிறாள். கேட்டாய்தானே? மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடாமல் படிக்கிறவள் நீ. லிஃப்ட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டே நம் மாடி தாண்டிப் போனவள். உன் முன்னால் எழுத்து இருந்து நீ படிக்காமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

அம்மா விஷயத்தை என்னிடம் மறைத்ததற்கு உன்னை நேரில் கவனித்துக்கொள்கிறேன். அவள் தூங்கினாள் என்றதும் அழுகை வந்துவிட்டது, அது வேறு விஷயம். மேளமோ தாளமோ, தூங்கினால் சரி. அந்த டீச்சர் குடிக்க எதுவும் கொடுப்பதில்லையே? கவனி. ஆனாலும் ஒருமுறை டாக்டரிடமும் காட்டச் சொல். அவள் கேட்க மாட்டாள். ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்புகிறவள், தனக்கென்றால் மட்டும் கைவைத்தியம்.

இங்கே ரப்பர் பொம்மைக்குக் கட்டுப் போட்டுப் பழகுகிறோம். நேற்று நான் இறுக்கிப் போட்ட கட்டால் பொம்மையின் கால் நீலமாகும் என்று ஆசிரியை சொன்னார். ரப்பர் எப்படி நீலமாகும் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா சாப்பிடுகிறாளா பார். நீயும் சாப்பிடு, புத்தகத்தைத் தட்டில் சாய்த்து வைக்காமல்.

அக்கா

—

ஜூன் 19, வியாழன்

அன்புள்ள அக்கா,

ஆமையிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

இங்கே எல்லாம் நன்றாகப் போகிறது. மேள டீச்சர் சில வாரங்களுக்கு வெளியூர் வகுப்புகளுக்காகப் போய்விட்டார். போவதற்குமுன் மேளத்தை என் போனில் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். நான் பள்ளியிலிருந்து வந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அம்மாவின் கண்மேல் துணி போட்டு, தலைமாட்டில் போனை வைத்துவிடுவேன். வீட்டுப்பாடத்தை அந்தத் தாளத்திலேயே செய்கிறேன். கணக்கு வேகமாக வருகிறது, நம்பு.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. திரும்பும் அடி வந்ததும் அம்மா அதிர்ந்து எழுந்து அழுவாள். போன வெள்ளிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி கூப்பிட்ட? பாதிப் பேச்சுல இழுத்துட்டியேடி" என்றாள்.

"யாருகூடப் பேச்சு?"

"ஒரு பொண்ணுகூட."

எல்லோருக்கும் மானும் கழுகும் வரும்போது அம்மாவுக்குப் பெண் வந்திருக்கிறாள். எனக்கு ஆமை. பொறாமையாக இருக்காதா?

நான் யோசித்தேன். தூங்குகிறவளை எதற்கு உலுக்கி எழுப்ப வேண்டும்? போனில் கத்தரிக்கோல் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. கடைசியிலிருந்த நிறுத்தத்தையும் அடியையும் வெட்டி எடுத்துவிட்டேன். மிச்சத்தை முடிந்ததும் மறுபடி தொடங்குகிற மாதிரி வைத்துவிட்டேன், தையல் தெரியாமல்! இடம் போதவில்லை என்று போன் புலம்பியதால் பழைய பதிவை அழித்தேன். உன் தங்கை எவ்வளவு கெட்டிக்காரி என்று உன் அறையில் வாசித்துக் காட்டு.

இப்போது அம்மா அழுவதில்லை. அவளாக எப்போதோ எழுந்து உட்கார்கிறாள். முகம் அலம்பிவிட்டது போல அமைதியாக இருக்கிறது. என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். யாரென்று பிறகு நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்பது போன்ற மரியாதையான புன்னகை. மிகவும் அழகாக இருக்கிறாள்.

உன்
பூச்சி

—

ஜூன் 26, வியாழன்

அன்புள்ள அக்கா,

உன் பதில் வருமுன்பே எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடப் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, "அம்மா, ரத்தம்!" என்று கொஞ்சம் நடிப்பையும் சேர்த்தே கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். முழங்காலைப் பார்க்கவில்லை. என் முகத்துக்குச் சற்று மேலே பார்த்தாள்.

"பதட்டப்படாதீங்க. எங்க அடிபட்டிருக்கு?" என்றாள்.

நான் சிரித்தேன். ஆபீஸ் குரலில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "முட்டியிலங்க மேடம்" என்றேன்.

"ரத்தம் நிக்குதா, வடியுதா? பக்கத்துல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

"நீதாம்மா பெரியவங்க."

"அவங்களைக் கூப்பிடுங்க" என்றாள் அம்மா.

நான் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன், அக்கா. எதற்கு என்று கேட்காதே. அங்கே யாருமில்லை. பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாள். முழங்காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எப்படா விழுந்த?" என்று மருந்து போட்டாள். அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஆனால் இப்போது உணவு மேசையில் மூன்று தம்ளர் வைக்கிறாள். நீ வீட்டில் இல்லை என்று சொன்னால், "அக்காவுக்கில்ல, அந்தப் பொண்ணுக்கு" என்கிறாள். சாப்பிடும்போது பாதியில் தலையைச் சாய்த்து, "ம்... கேக்குது, சொல்லுங்க" என்கிறாள்.

நேற்று அவளுடைய சூப்பர்வைசர் போன் செய்தார். புகார் சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். அவரோ, "உங்கம்மா மாதிரி அமைதியா பேச இந்த அறையில ஆளே கிடையாதும்மா. எவ்வளவு பெரிய விபத்துன்னாலும் குரல் அசையறதில்ல. நாங்கல்லாம் ஆச்சரியப்படறோம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும், இல்லையா?

அந்தப் பெண்ணின் முகத்தைக் கீழே பார்த்தாயா என்று இன்று அம்மாவிடம் கேட்டேன். "முகம் எதுக்கு? குரல் இருக்கே" என்றாள்.

சீக்கிரம் எழுது.

பூச்சி

—

ஜூன் 30, திங்கள்

பூச்சி,

இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. நிற்க நேரமில்லாமல் எழுதுகிறேன், செய்முறைத் தேர்வு நடக்கிறது.

அந்த மேளத்தை இன்றோடு நிறுத்து. போனை ஒளித்து வை. அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போ, எனக்கு எழுதிய அத்தனையும் அவரிடம் சொல். அந்த டீச்சரின் எண்ணை எப்படியாவது வாங்கு. நீ வெட்டி எறிந்தாயே, அது எதற்காக இருந்தது என்று அவரிடம் கேள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஊசி போட்டால் எடுக்கவும் வேண்டும். எடுப்பதைத்தான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

உன்னைத் திட்டவில்லை. நல்லது நினைத்துத்தான் செய்தாய். நீ அம்மாவோடு தனியாக இருக்கிறாய் என்பதுதான் எனக்குக் கவலை.

வார்டனிடம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். கதவைப் போல நிற்கிறார், தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா

—

ஜூலை 4, வெள்ளி

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதையெல்லாம் செய்தேன்.

டாக்டரிடம் போனோம். வழியில் என் கையைப் பிடிக்காமல், யாரோ ஒருவரை அழைத்துப் போவது போல என் முழங்கையைப் பிடித்து வந்தாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அம்மாவைப் போல ஒரு தெளிவான ஆள் உலகத்தில் கிடையாது. கேள்விக்கெல்லாம் அளவாகப் பதில். "பொண்ணு நிறையப் படிக்கிறா, கற்பனை ஜாஸ்தி" என்று சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். எனக்கு வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்! அந்த டப்பாவுக்குள் இருந்த தாளைப் படித்தேன். உபயோகமாக ஒன்றுமில்லை.

போனை அரிசி டின்னுக்குள் ஒளித்தேன். பயனில்லை. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. நாற்காலிக் கையில் நகத்தால் தட்டுகிறாள், அதே சீரில். பாத்திரம் துலக்கும்போதும் தட்டுகிறாள். தட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கண் திறந்தபடியே எங்கோ போய்விடுகிறாள். குழாயை நான்தான் மூடுகிறேன்.

சலவைக் கடை அக்காவிடம் கெஞ்சி டீச்சரின் எண்ணை வாங்கினேன். நான் செய்ததைச் சொன்னேன்.

"வெட்டிட்டியா?" என்றார். "பூரா வெட்டிட்டியா?"

"ஆமாங்க டீச்சர்."

"நான் எத்தனையோ பேரைப் படுக்க வைச்சிருக்கேன். பாதிப் பேரு மேளம் நின்னா தானா எழுந்து வந்துடுவாங்க, பசிக்குதுன்னு. உங்கம்மா அப்படி இல்லம்மா. நான் கூப்பிடற வரைக்கும் வரவேண்டாம்னு சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி செய்யற ஆளு. கூப்பிடலன்னா வரமாட்டாங்க."

"நான் கூப்பிட்டா?"

"கூப்பிடு. எதுல வேணும்னாலும் அடி. ஆனா கீழ யாருகூடயாவது பேச்சுல இருந்தாங்கன்னா..." என்று இழுத்தார். பிறகு, "நான் வந்துடறேன், அடுத்த வாரக் கடைசியில வந்துடறேன். நீ மட்டும் படுத்துடாத. நீச்சல் தெரியாத பிள்ளை, முங்கினவங்களைத் தூக்கக் குதிக்கக் கூடாது" என்றார்.

அன்றைக்கே சமையல் பாத்திர மூடியையும் மரக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்தேன். நிறுத்தம். கனமான அடி. ஓடிவரும் அடி. கை வலிக்க அடித்தேன். அம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது, அக்கா. அவள் கண்தான், சத்தியமாக. மிகவும் களைப்பாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வரேன்டா கண்ணு. எனக்கும் வீட்டுக்கு வரணும். ரிலீவர் வரலையே, எப்படி எழுந்திருப்பேன்?"

அப்புறம் கண் மறுபடி எங்கோ போய்விட்டது.

அவள் அங்கே அந்தப் பெண்ணோடு லைனில் இருக்கிறாள். முதல் முறை விட்டுவிட்டுப் போனதால் இந்த முறை போகவே மாட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

பூச்சி

—

ஜூலை 7, திங்கள்

பூச்சி,

விடுப்பு கிடைத்துவிட்டது. சனிக்கிழமை பிற்பகல் வீட்டில் இருப்பேன். டாக்டர், டீச்சர், பாத்திர மூடி எல்லாவற்றையும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதுவரை உன் வேலை பள்ளிக்கூடம் போவது, வருவது, சாப்பிடுவது. புத்திசாலித்தனமாக எதையும் செய்யாதே. இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படி.

டீச்சர் சொன்ன கடைசி வரியை நீ ஏன் அவ்வளவு தெளிவாக எனக்கு எழுதினாய்? அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா

—

ஜூலை 9, புதன்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைக்கும். படித்துவிட்டுக் கோபப்படாதே. கோபப்பட்டாலும் பஸ்ஸில் சாப்பிடாமல் வராதே.

நேற்று அம்மா வேலைக்குக் கிளம்பும்போது செருப்புக்குப் பதிலாக என் ஷூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது யாரோட குழந்தையோடது? தேடிட்டிருப்பாங்களே" என்றாள். நான் வாங்கி என் காலில் போட்டுக் காட்டினேன். "நல்லது. பத்திரமா இருங்க" என்றாள்.

அக்கா, நீ சனிக்கிழமை வந்தால் என்ன செய்வாய்? மறுபடி டாக்டரிடம் போவாய். அவள் மறுபடி அளவாகச் சிரிப்பாள். நீ அடித்தாலும் அவள் வர மாட்டாள், என்னிடம் சொன்னதையே சொல்வாள். நான் எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். பின்னால் வந்து தோளைத் தொட்டு, "நான் எடுத்துக்கறேன்" என்று சொல்கிற ஆள். அவ்வளவுதான். அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வந்துவிடுவாள்.

அதனால் சனிக்கிழமை மதியம் அரிசி டின்னிலிருந்து போனை எடுப்பேன். அம்மா பக்கத்தில் படுப்பேன். நூலகத்தின் பின்வாசல் வழியாக இல்லாமல் அவளுடைய ஆபீஸ் படிக்கட்டு வழியாக இறங்குவேன். சின்ன வயதில் போயிருக்கிறேன், கைப்பிடியில் பச்சைப் பெயிண்ட் உரிந்திருக்கும். முங்கினவர்களைத் தூக்கக் குதிக்கக் கூடாது என்றுதான் டீச்சர் சொன்னார். நான் தூக்கப்போவதில்லை. வேலையை மாற்றிக்கொள்ளப்போகிறேன்.

நீ வந்ததும் திரும்பும் அடியை அடி. எப்படி என்று முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். முதலில் நிறுத்தம், அதை மறந்துவிடாதே. மூடியும் கரண்டியும் என் மேசைமேல் இருக்கும். உன் அடி எனக்குக் கேட்டுவிடும். எனக்கு அந்தப் பெண்ணை முன்பின் தெரியாது. பாதிப் பேச்சில் எழுந்து வர எனக்கு ஒன்றும் கஷ்டமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கெட்டிக்காரத்தனமாக வெட்டியது நான்தானே.

உன் அன்புள்ள
பூச்சி

—

ஜூலை 12, சனி

என் கண்ணே பூச்சி,

உன் கட்டிலில், உன் காலடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பஸ் வழியில் நின்றுவிட்டது. ஓடித்தான் வந்தேன். அம்மாதான் கதவைத் திறந்தாள். தலை வாரி, வேறு புடவை மாற்றியிருந்தாள். "என்னடி இப்படி இளைச்சுப் போய் வந்திருக்க, அங்க சோறு போடறாங்களா இல்லையா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நம் அம்மா. பழைய அம்மா.

"பூச்சி எங்கம்மா?"

"தூங்கறா, பாவம். பரீட்சை பரீட்சைன்னு களைச்சுட்டா. எழுப்பாத."

அறைக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. போனை அணைத்தேன். நீ அசையவில்லை. கிள்ளினேன், தண்ணீர் தெளித்தேன். நாடி சீராக இருக்கிறது. மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. உன் உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன். "பதட்டப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாய். உன் குரலில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். "யாரோ வந்து தோளைத் தொட்டு, நான் எடுத்துக்கறேன்னு சொன்னாங்க. எழுந்து வந்துட்டேன். கை மாத்தும்போது முகத்தைப் பார்க்கற வழக்கம் இல்லையேடி." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உடனே உன் பக்கத்தில் படுக்கப் போனாள். "நான் போய் வாங்கிக்கறேன். என் லைன் அது, என்னோடது" என்றாள். இழுத்துப் பிடித்தேன். "நீ போனா உன்கிட்டேருந்து வாங்க நான் போகணும். அப்புறம் என்கிட்டேருந்து வாங்க யாரும்மா இருக்கா?" என்றேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அம்மாவின் அறையிலிருந்து, அம்மாவோடு வேலை பார்க்கிறவர்தான் எடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது. "லைன்ல இருங்க" என்றார். போன் தலையணையில் கிடக்கிறது. அவர் குரல் வரும்போதெல்லாம் அம்மாவுக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

நீ சொன்னபடி நான் அடித்தேன். நிறுத்தினேன், கனமாக அடித்தேன், ஓடிவருகிற மாதிரி அடித்தேன். உன் புருவம் சுருங்கியது. புத்தகத்தின் நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் சுருக்குவாயே, அதே சுருக்கம். "இன்னும் ஒரு பக்கம்" என்பாயே. அப்புறம் அது விரிந்து மென்மையாகிவிட்டது. உனக்கும் அந்தப் பெண்ணை விட்டு வர முடியவில்லை. முன்பின் தெரியாதவள் என்று எழுதியிருந்தாய். இப்போது தெரிந்துகொண்டுவிட்டாய் போல.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உன் முன்னால் எழுத்து இருந்து நீ படிக்காமல் விட்டதில்லை. இந்தத் தாளை மடித்து உன் கையில் வைக்கப்போகிறேன். கீழே வெளிச்சம் இருந்தால் பிரித்துப் படி. அந்தப் பெண்ணிடம் "லைன்ல இருங்க" என்று சொல்லாதே. அவள் பேசி முடித்துவிட்டாள், பூச்சி. எப்போதோ முடித்துவிட்டாள். எதிர்முனையில் இருந்தவர்களுக்குத்தான் வைக்கத் தெரியவில்லை.

இப்போது அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து மூடியையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டாள். "நான் கூப்பிட்டா வருவா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்: "நான் இதை அடிச்சா அந்தப் பொண்ணு லைன் கட் ஆயிடும், இல்லையா?"

அவளே சொல்லிக்கொள்ள வேண்டிய பதில் அது.

கரண்டியை ஓங்கியிருக்கிறாள். இன்னும் இறக்கவில்லை. தெருவில் எங்கோ வண்டியின் சத்தம் கேட்கிறது, நம் தெருவா என்று தெரியவில்லை. அறைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. வயிற்றில் ஐஸ் வைத்தது போல இருக்கும் என்று எழுதியிருந்தாயே, அப்படித்தான் இருக்கிறது. இது அந்த நிறுத்தம்தான் என்று நம்பிக்கொண்டு, இதை மடித்து உன் கையில் வைக்கிறேன்.

உன்
அக்கா